டை ராடு வளைஞ்சதுல ஆரம்பிச்சது: ஹெவி டியூட்டி ஸ்டியரிங் கிட், ஒரு வருஷம் ஓட்டின பிறகு

மாட்டின அன்னைக்கே எழுதியிருந்தா இது வேற மாதிரி ரிவ்யூவா இருந்திருக்கும். புதுசா மாட்டின எந்தப் பாகமும் முதல் வாரம் நல்லாத்தான் இருக்கும், அதனால ஒரு வருஷம் கல்லுலயும் மணல்லயும் சேத்துலயும் போட்டு அடிச்சு ஓட்டிட்டு இப்ப எழுதுறேன்.

வண்டியப் பத்தி முதல்ல சொல்லிடுறேன். முன்னாடி சாலிட் ஆக்ஸில், காயில் ஸ்பிரிங், ரெசர்குலேட்டிங் பால் டைப் ஸ்டியரிங் பாக்ஸ், 2 இஞ்ச் லிஃப்ட், 35 இஞ்ச் டயர். ராங்ளர், லேண்ட் குரூஸர் 70, பழைய பேட்ரோல், பழைய டிஃபெண்டர், ஜிம்னி இந்த வகையறா வெச்சிருக்கவங்களுக்கு நான் சொல்றதுல முக்காவாசி பொருந்தும். முன்னாடி இண்டிபெண்டெண்ட் சஸ்பென்ஷன், ரேக் அண்ட் பினியன்னு இருக்கிற பிக்கப்புகளுக்கு கணக்கு வேற, அதப் பத்தி கடைசில ரெண்டு வரி சொல்றேன்.

கிட் வாங்கினதுக்குக் காரணம் ஒரு காய்ஞ்ச ஓடை. ஸ்டியரிங் பாக்ஸ் பக்கத்துல இருந்து வர்ற டிராக் லிங்க்ங்கிற கம்பி சேர்ற பக்கம் இல்லாம அந்தாண்ட பக்கத்து டயரு ரெண்டு பாறைக்கு நடுவுல போய் மாட்டிக்கிச்சு, நான் பவர் ஸ்டியரிங் இருக்கிற தைரியத்துல வீலப் பிடிச்சு பலமாத் திருப்பினேன், முன்னாடி ஒரு முனகல் சத்தம், அப்புறம் ஸ்டியரிங் திடீர்னு லேசாயிடுச்சு. இறங்கிப் பார்த்தா டை ராடு, அதான் ரெண்டு முன் டயரையும் இணைச்சு ஆக்ஸிலுக்கு முன்னாடி ஓடுற அந்தக் கம்பி, வில்லு மாதிரி வளைஞ்சு நிக்குது, ரெண்டு டயரும் ஒண்ணையொண்ணு பார்த்துக்கிட்டு உள்பக்கமா திரும்பியிருக்கு. யோசிச்சுப் பார்த்தா நியாயமாத்தான் இருக்கு. ஸ்டியரிங் பாக்ஸ்ல மாட்டியிருக்கிற பிட்மேன் ஆர்ம் தள்ளுறது டிராக் லிங்க்க, டிராக் லிங்க் தள்ளுறது ஒரு பக்கத்து நக்கிள (டயரோட சேர்ந்து திரும்புற பாகம்), அந்தாண்ட டயரத் திருப்புற மொத்த வேலையும் டை ராடு தலையில. டயரு அசையாதுன்னு நின்னுட்டா நடுவுல இருக்கிற கம்பி அழுத்தத்துல பக்கவாட்டுல பிதுங்கித்தான் ஆகணும். கழட்டி ரெண்டு கல்லு மேல வெச்சு நடுவுல ஜாக்கி கொடுத்து ஓரளவு நிமித்தி, பெரிய ஸ்பானர் ரெண்ட பக்கத்துல வெச்சு கம்பியால இறுக்கிக் கட்டி, நடக்குற வேகத்துல வெளிய வந்து சேர்ந்தோம். அன்னைக்கு ராத்திரியே கிட் தேட ஆரம்பிச்சுட்டேன்.

பிராண்ட் பேர் போடல. இதே டிசைன் கிட்ட அஞ்சாறு பேர் வேற வேற பேர்ல விக்கிறாங்க, பேரப் பார்த்து வாங்குறத விட உள்ள என்ன இருக்குன்னு பார்த்து வாங்குறதுதான் உபயோகம். எனக்கு வந்த பெட்டியில டை ராடு, டிராக் லிங்க் ரெண்டும் ஒண்ணரை இஞ்ச் வெளி விட்டம், கால் இஞ்ச் கனம் உள்ள டிஓஎம் ட்யூப். தடிமனான டை ராடு எண்டு (கம்பி முனையில வர்ற மூட்டு) நாலு, ஒவ்வொண்ணுலயும் கிரீஸ் நிப்பிள், லாக் நட்டு, ஸ்டியரிங் அதிர்வ அடக்குற டேம்பரப் பிடிக்கிற கிளாம்ப். டிஓஎம்னா வெல்டிங் பண்ணின ட்யூப உள்ள ஒரு தண்டு மேல வெச்சு இழுத்து எடுக்குறது, அதனால கனம் சுத்திலும் ஒரே சீரா இருக்கும்.

இந்த அளவு ஏன் முக்கியம்னு கணக்குப் போட்டுப் பார்த்தப்பதான் எனக்கே புரிஞ்சுது. கம்பியோட விறைப்பு விட்டத்தோட நாலாவது அடுக்குல ஏறும். 1 இஞ்ச் கெட்டிக் கம்பிக்குப் பதிலா ஒண்ணரை இஞ்ச் ட்யூப், உள்ள 1 இஞ்ச் ஓட்டையோட போட்டீங்கன்னா விறைப்பு 4 மடங்கு ஆகும், எடை 25 சதவீதம்தான் கூடும். நம்ம டை ராடு நீளமான ஒல்லிக் கம்பி, அழுத்தினா பக்கவாட்டுல பிதுங்கி வளையுறதுதான் அதோட வியாதி, அந்த வியாதிக்கு மருந்தே விட்டம்தான். விளம்பரத்துல எல்லாம் குரோமோலி 4130னு, அதாவது குரோமியமும் மாலிப்டினமும் கலந்த ஸ்டீல்னு, கொட்டை எழுத்துல போடுவாங்க. அது நல்ல சரக்குதான், மறுக்கல, ஆனா சாதா ஸ்டீலுக்கும் குரோமோலிக்கும் விறைப்பு கிட்டத்தட்ட ஒண்ணேதான். குரோமோலி கூடுதலா வளைஞ்சுட்டு பழைய நிலைக்குத் திரும்பும், சாதா ஸ்டீல் அதே வளைவுல அப்படியே நின்னுடும், அவ்வளவுதான் வித்தியாசம். 7075 அலுமினியத்துல பண்றதும் இந்தத் திரும்பி வர்ற குணத்த நம்பித்தான், அதோட விறைப்பு ஸ்டீல்ல மூணுல ஒரு பங்கு, அதனாலதான் அந்த ராடெல்லாம் உலக்கை கணக்கா தடியா இருக்கு. ஒல்லியான குரோமோலிக்கும் தடிமனான டிஓஎம்முக்கும் நடுவுல தேர்வு வந்தா நான் தடிமனத்தான் எடுப்பேன்.

எண்டுக்குப் பதிலா ஹெயிம் ஜாயிண்ட் (வளையத்துக்குள்ள உருண்டை வெச்ச மூட்டு) போட்ட கிட்டும் இருக்கு. பார்க்க ரேஸ் வண்டி மாதிரி இருக்கும், வலுவும் உண்டு. ஆனா அந்த உருண்டை மண்ணுக்கு நேரா திறந்து கிடக்கும், தினமும் ரோட்டுல ஓடுற வண்டிக்கு சீக்கிரமே டக்கு டக்குனு ஆட்டம் வந்துடும். ரப்பர் பூட் போட்டு கிரீஸ் அடிக்கிற சாதா எண்டுதான் எனக்கு சரின்னு பட்டுச்சு, இன்னைக்கும் அதேதான் சொல்வேன்.

மாட்டுறதுக்கு ஒரு முழு நாள் ஆச்சு. பழைய எண்டக் கழட்ட ஃபோர்க் மாதிரி ஒரு டூல் இருக்கும்ல, அத அடிச்சா பூட் கிழிஞ்சுடும். எனக்குத் தெரிஞ்ச ஒரு மெக்கானிக் அண்ணன் கூட நின்னார். நான் ஃபோர்க்க எடுத்ததுமே "அத வெய்யி தம்பி, நட்ட நாலு மரை மட்டும் லூஸ் பண்ணி விட்டுட்டு நக்கிள் காதுல ஓங்கி அடி, அதுவே குதிக்கும்"னார். நட்ட முழுசா கழட்டாம, எண்ட நேரா அடிக்காம, அது உட்கார்ந்திருக்கிற நக்கிள் காதோட பக்கவாட்டுல கனமான சுத்தியலால மூணாவது அடி போட்டேன், டங்குன்னு இறங்குச்சு. நட்டு பிடிச்சுக்கிட்டதால கால்ல விழல. பழைய எண்டு பூட்டோட முழுசா கைக்கு வந்தது, அது ஸ்பேருக்கு ஆச்சு.

அடுத்ததுதான் இந்த கிட்ல பயப்பட வேண்டிய இடம். புது எண்டு தடிமன், அதனால நக்கிள்ல இருக்கிற டேப்பர் ஓட்டைய, அதாவது கூம்பு மாதிரி ஒடுங்கிப் போற ஓட்டைய, ரீமர்ங்கிற சீவுற டூல் போட்டு பெருசு பண்ணணும். அடிக்கு ஒண்ணரை இஞ்ச் டேப்பர் உள்ள ரீமர்தான் இதுக்கு. ட்ரில்ல மெதுவா சுத்த விட்டு, எண்ணெய் விட்டு, பத்து செகண்டுக்கு ஒரு தடவ நிறுத்தி, துடைச்சு, எண்ட உள்ள விட்டுப் பார்த்து மறுபடியும்னு போகணும். அவசரப்பட்டு கொஞ்சம் அதிகமா இறக்கிட்டா எண்டு மேல வரைக்கும் ஏறிடும், நட்டு இறுகுறதுக்கு இடமே இருக்காது, அந்த நக்கிள் காலி. அண்ணன் ஒரு வேலை காமிச்சார், அத நான் வேற எங்கயும் பார்த்ததில்ல. எண்டோட டேப்பர் முழுக்க மார்க்கர் பேனாவால கறுப்படிச்சு, ஓட்டையில விட்டு ஒரு திருகு திருகி வெளிய எடுத்தார். மை சுத்திலும் ஒரே மாதிரி தேஞ்சிருந்தா முழுசா பதிஞ்சு உட்காருதுன்னு அர்த்தம், மேல மட்டுமோ கீழ மட்டுமோ தேஞ்சிருந்தா ரீமர் சாய்ஞ்சு போயிருக்குன்னு அர்த்தம். ஒரு பக்கம் முதல் தடவ அடியில மட்டும்தான் தேஞ்சுது, ரீமர நேரா பிடிச்சு கொஞ்சமா எடுத்ததும் சரியாச்சு. இதுல நம்பிக்கை இல்லாதவங்க தயவுசெஞ்சு ஒரு மெஷின் ஷாப்ல கொடுத்துடுங்க, ஸ்டியரிங்ல டேப்பர் சரியா உட்காரலன்னா நட்டு எவ்வளவு இறுக்கினாலும் உள்ள ஆடி ஆடி ஓட்டைய முட்டை வடிவமாக்கிடும்.

நட்டு கழண்டுடாம குறுக்க போடுற காட்டர் பின்னுக்கு ஓட்டை நேரா வரலன்னா நட்ட இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேர் பண்ணணும், பின்னுக்காக லூஸ் பண்ணவே கூடாது. பெட்டியோட வந்த ஒத்தத் தாள்ல இதுவும் இல்ல, எந்த நட்டுக்கு எவ்வளவு டார்க், அதாவது எவ்வளவு இறுக்கணும்னும் இல்ல. மெயில் போட்டுக் கேட்டேன், ஒரு வாரம் கழிச்சு பதில் வந்தது. ஸ்டியரிங் பாகம் விக்கிறவங்க இதுல அலட்சியமா இருக்கவே கூடாது, மனசார சொல்றேன், அந்த ஒரு விஷயத்துக்கு எனக்கு இன்னும் கோவம் இருக்கு.

டோ, அதாவது முன் டயர் ரெண்டும் உள்பக்கமோ வெளிப்பக்கமோ எவ்வளவு திரும்பி நிக்குதுங்கிறது, அத செட் பண்றத வீட்லயே பண்ணலாம், அளக்குற டேப் இருந்தாப் போதும். டை ராடோட ஒரு முனை இடது மரை, ஒரு முனை வலது மரை, அதனால எண்டக் கழட்டாமலே ட்யூப சுத்தினா நீளம் மாறும். என் கிட்ல இஞ்ச்சுக்கு 18 மரை, ஒரு முழு சுத்துக்கு 2.8 மில்லிமீட்டர் மாறுது. கேட்க சின்னதா இருக்கும், ஆனா நக்கிள் ஆர்ம் குட்டை, டயரு பெருசு, டயரோட முன்விளிம்புலயும் பின்விளிம்புலயும் அளந்தா அது அஞ்சாறு மடங்கா தெரியும். கால் சுத்து கால் சுத்தாத்தான் போகணும். முன்பக்கம் பின்பக்கத்த விட 2, 3 மில்லிமீட்டர் குறைவா வர்ற மாதிரி வெச்சேன். அது முடிஞ்ச பிறகுதான் டிராக் லிங்க்க சுத்தி ஸ்டியரிங் வீல நேர் பண்ணணும், மாத்திப் பண்ணா ரெண்டு வேலை. வீல் நேரா இருக்கிறது அழகுக்கு இல்லைங்க, ஸ்டியரிங் பாக்ஸ் சரியா நடு இடத்துலதான் இறுக்கமா கடிக்கிற மாதிரி செஞ்சிருப்பாங்க, கொஞ்சம் தள்ளி ஓடுச்சுன்னா நேர் ரோட்டுல தளதளன்னு இருக்கும். ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் உள்ள வண்டின்னா கோணல் வீலப் பார்த்து வண்டி திரும்புதுன்னு நினைச்சு அதுவா பிரேக் பிடிக்கும்.

கடைசியா லாக் நட்டு இறுக்கும்போது ரெண்டு எண்டும் ஒரே நிலையில, ட்யூப் முன்னும் பின்னும் சரிசமமா உருளுற மாதிரி வெச்சு இறுக்கணும். ஒண்ணு முன்னாடி சாய்ஞ்சும் ஒண்ணு பின்னாடி சாய்ஞ்சும் இருந்தா முழு லாக்குல, அதாவது வீல ஒரு பக்கம் கடைசி வரைக்கும் திருப்பும்போது, பிடிச்சுக்கும்.

ஓட்டிப் பார்த்த முதல் கிலோமீட்டர்லயே வித்தியாசம் தெரிஞ்சுது. ரோட்டுல அவ்வளவா இல்ல, ஆனா கல்லுல ஏறி டயர ஒரு பாறை மேல ஊன்றி திருப்பும்போது முன்னாடி எல்லாம் வீல் கால் சுத்து திரும்பின பிறகுதான் டயரு அசையும், அந்தக் கால் சுத்துல கம்பிதான் வளைஞ்சுக்கிட்டு இருந்திருக்கு. இப்ப கை திரும்பினா டயரு திரும்புது. கைட் பண்றவன் "மச்சான், கொஞ்சம், ரெண்டு விரல் அளவு"ன்னு சொன்னா ரெண்டு விரல் அளவுதான் போகுது.

ஒரு முக்கியமான விஷயம், இதச் சொல்லத்தான் இவ்வளவு எழுதுறேன். டை ராட வலுவாக்கினா வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சுடாதீங்க. முன்னாடி வளைஞ்சு வாங்கிக்கிட்ட அடி இப்ப அடுத்த பாகத்துக்குப் போகுது. ஆறாவது மாசம் ஸ்டியரிங் பாக்ஸ் ஃப்ரேம்ல உட்கார்ற இடத்துல பெயிண்ட் மயிரிழையா வெடிச்சிருந்தது. சேறு கழுவும்போது டார்ச் அடிச்சதாலதான் கண்ணுல பட்டுச்சு. சுரண்டிப் பார்த்தா உலோகத்துலயும் லேசா கீறல். வெல்ட் பண்ணி, பாக்ஸுக்கு ஒரு பிரேஸ் போட்டு, பிட்மேன் ஆர்ம் மாட்டுற தண்டையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி சப்போர்ட் வெச்சேன். இது கிட்டோட குறை இல்ல, பெரிய டயரும் விறைப்பான ராடும் சேர்ந்தா வர்றது. ஆனா விக்கிறவங்க இத வாய் திறந்து சொல்றதில்ல. கிட் வாங்க எடுத்து வைக்கிற காசுல பாக்ஸ் பிரேஸுக்கும் சேர்த்து எடுத்து வெச்சுடுங்க.

இன்னொண்ணு, டெத் வாபிள். ஒரு குழியில ஏறி இறங்கினதும் ஸ்டியரிங் கையில நிக்காம தடதடன்னு அடிக்குமே, அதுக்கு மருந்தா இந்த கிட்ட வாங்குறவங்க நிறைய. வாங்காதீங்க. எனக்கும் அது இருந்தது, கிட் மாட்டின பிறகும் போகல. காரணத்தத் தேடிப் போனது கடைசியில ட்ராக் பார் (ஆக்ஸில் பக்கவாட்டுல நகராம ஃப்ரேமோட பிடிச்சு வைக்கிற கம்பி) போல்ட்டுல வந்து நின்னுச்சு. போல்ட் இறுக்கமாத்தான் இருந்தது, ஆனா அது போற ஓட்டை நீள்வட்டமா தேஞ்சிருந்தது. ஓட்டைக்கு வாஷர் வெல்ட் பண்ணி, சரியான அளவு போல்ட் போட்டு, வண்டி தன்னோட எடையில தரையில நிக்கும்போது இறுக்கினதும் அன்னைக்கே போச்சு. கண்டுபிடிச்ச விதம் ரொம்ப சுலபம். எஞ்சின் ஓட, டயரு தரையில இருக்க, ஒருத்தர் உள்ள உட்கார்ந்து வீல இந்தப் பக்கம் அந்தப் பக்கம் கொஞ்சமா வேகமா ஆட்டணும், நீங்க கீழ படுத்து ஒவ்வொரு ஜாயிண்ட்டா விரல வெச்சுப் பார்க்கணும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். பால் ஜாயிண்ட், ட்ராக் பார் ரெண்டு முனை, பிட்மேன் ஆர்ம் நட்டு, எண்டுகள், பாக்ஸ் போல்ட் எல்லாம் பாருங்க. டேம்பர மாத்துனா சரியாயிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, புது டேம்பர் ஆட்டத்த ரெண்டு மாசம் மறைக்கும், அந்த ரெண்டு மாசத்துல ஓட்டை இன்னும் தேயும். முதல் காசு ஆட்டத்த எடுக்க, ரெண்டாவது டை ராடுக்கு, டேம்பர் எல்லாத்துக்கும் கடைசி. நான் இந்த வரிசைய மாத்திப் பண்ணி, காரணம் தெரியாமலே மூணு மாசம் பயந்துக்கிட்டே ஓட்டினேன். என் பொண்டாட்டி புள்ளைங்க ஏறுற வண்டி அது.

கிட்டோட குறைகளுக்கு வர்றேன். முழு லாக்குல ஒரு பக்கத்து கிரீஸ் நிப்பிள் ரிம் உள்பக்கத்த உரசுச்சு, வளைஞ்ச நிப்பிள் வாங்கி மாத்தினேன். மாட்டின கையோட முன்னாடி ரெண்டு டயரையும் தூக்கி, சஸ்பென்ஷன் முழுசா தொங்கும்போதும் முழுசா அமுங்கும்போதும் ரெண்டு பக்கமும் லாக் வரைக்கும் திருப்பிப் பாருங்க, தடிமன் ராடு ஆக்ஸில்ல இருக்கிற டிஃப் (டிஃபரன்ஷியல்) கவர்ல தட்டுதான்னும் அப்பதான் தெரியும். பூட் ரப்பர் மெல்லிசு, நாலாவது மாசம் ஒண்ணு வெடிச்சுது, விக்கிறவங்க கேள்வி கேட்காம புதுசு அனுப்பினாங்க, அத ஒத்துக்கணும். கிரீஸ் அடிக்கும்போது பூட் லேசா உப்புனதும் நிறுத்திடணும், பந்து மாதிரி ஊத வெச்சா அதுவே கிழியும். லாக் நட்டு ஒண்ணு, அலை அலையா இருக்கிற மண் ரோட்டுல 300 கிலோமீட்டர் ஓடினதும் லூஸாச்சு. பேனாவால நட்டுலயும் ட்யூப்லயும் சேர்த்து ஒரு கோடு போட்டு வெச்சிருந்தேன், கோடு விலகி நின்னதப் பார்த்துதான் பிடிச்சேன். முதல் 100 கிலோமீட்டர்ல ஒரு தடவ, அப்புறம் ஒவ்வொரு ட்ரிப் முடிஞ்சும் அந்தக் கோட்டப் பார்க்குறேன், அரை நிமிஷ வேலை.

டேம்பர் கிளாம்ப் சுத்தமா சரியில்ல. ட்யூப் மேல நகர்ந்து ஒரு பக்கம் முழு லாக் வரவிடாம பண்ணிடுச்சு. வேற கிளாம்ப் போட்டுட்டேன்.

லிஃப்ட் அதிகமா போட்டவங்களுக்கு ஒரு வார்த்தை. டிராக் லிங்க்கும் ட்ராக் பாரும் வண்டிக்கு முன்னாடி இருந்து பார்த்தா ஒண்ணுக்கொண்ணு இணையா இருக்கணும். டிராக் லிங்க்க மட்டும் நக்கிளுக்கு மேல் பக்கமா மாத்தி மாட்டிட்டு ட்ராக் பார விட்டீங்கன்னா குழியில இறங்கும்போதெல்லாம் வண்டி தானா இழுக்கும். மாத்துனா ரெண்டையும் மாத்துங்க. என் 2 இஞ்சுக்கு ரெண்டையுமே தொட வேண்டி வரல.

ஆயில் பிரஷர்ல ஸ்டியரிங்குக்குக் கூடுதலா தள்ளிக் கொடுக்குற ஹைட்ராலிக் அசிஸ்ட் ராம் போடலாமான்னு கேட்பீங்க. 37, 40 இஞ்ச் டயர், நாள் முழுக்க பாறைன்னா போடுங்க. 35க்கு எனக்குத் தேவைப்படல. பவர் ஸ்டியரிங் ஆயில் கூலர் ஒண்ணு மட்டும் போட்டேன், லாக்குல பிடிச்சுக்கிட்டே நிக்கும்போது பம்ப் கீச்சுன்னு கத்துறது பிரஷர் ரிலீஃப் வால்வ் திறந்து ஆயில் அதுக்குள்ளயே சுத்தி சூடாகுற சத்தம், அப்ப கைய கொஞ்சம் விட்டுடணும்.

ரேக் அண்ட் பினியன் பிக்கப் வெச்சிருக்கவங்களுக்கு இந்த கிட் பொருந்தாது. உங்களுக்கு வளையுறது பெரும்பாலும் உள் டை ராடு, அதுக்குத் தனியா ஸ்லீவ் வருது, தடிமனான ராடும் வருது. ஆனா அங்க ராடு வலுவானா அடி நேரா ரேக்குக்குத்தான் போகும், ரேக் ராட விட பல மடங்கு பெரிய வேலை. கைவசம் ஒரு ஸ்பேர் உள் ராடும் அதக் கழட்டுற டூலும் வெச்சுக்கிறது எனக்கு அதைவிட நல்லதாப் படுது.

அஞ்சுக்கு நாலு கொடுப்பேன். ட்யூபும் எண்டும் நான் எதிர்பார்த்ததுக்கு மேல, கிளாம்பும் அந்த ஒத்தத் தாளும்தான் ஒண்ணக் குறைச்சுது.

போன மாசம் அதே ஓடைக்குப் போனோம். அதே ரெண்டு பாறை, அதே பக்கத்து டயரு, இந்தத் தடவ ராடு நேரா ஒரு கல்லு முனையில போய் உட்கார்ந்து வண்டியோட மூக்கு எடையவே தாங்குச்சு. வின்ச் போட்டு இழுத்துட்டு கீழ படுத்து நூல் கட்டிப் பார்த்தேன், முனைக்கு முனை நூல் ட்யூபத் தொட்டுக்கிட்டே இருந்தது. ஒரு சாண் நீளத்துக்கு பெயிண்ட் போயிருந்தது, கறுப்படிச்சாச்சு. நிமித்தின பழைய ராட பழைய எண்டோட பின்னாடி கட்டியே வெச்சிருக்கேன். நக்கிள் ஓட்டை பெருசானதால அது இனி என் வண்டிக்கு ஆகாது, ஆனா கூட வர்ற ரெண்டு வண்டியில இன்னும் கம்பெனி ராடுதான்.